ஹோல்ட் என்றால் பிடி

‘ஹோல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சம்பளத்துக்குச் சொன்னவள் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், செம்பூரில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காதில் கனமான ஒரு வளையம், வாய்க்கு முன்னால் கறுப்புக் கிண்ணம், எதிரே வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட மரப்பலகை. அதைத்தான் போர்டு என்போம். யாராவது கூப்பிட்டால் ஒரு துளையின் மேலிருக்கும் சின்ன மூடி, தூக்கத்தில் இமை விழுவதுபோல டப்பென்று விழும். அந்தத் துளையில் வயரைச் செருகி யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு, “ஹோல்ட் ஆன் ப்ளீஸ்.”

பள்ளியில் அந்தச் சொல்லுக்கு நான் படித்தது ஒரே அர்த்தம். ஹோல்ட், ஹெல்ட், ஹெல்ட். பிடி, பிடித்தான், பிடித்த. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அப்புறம் மாடுங்காவில் உயர்நிலைப் பள்ளி. மெட்ரிக் தேறியவள் என்பதால் எங்கள் சந்தில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் எங்கள் ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு அவற்றில் ஒன்றில் வேலை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது பக்கத்துச் சந்தில்தான். அத்தான் நான் சேர்ந்த அதே செம்பூர்த் தொழிற்சாலையில் லேத் பிடித்துக்கொண்டிருந்தார். போர்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

முதல் நாள் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் கோவாக்காரப் பெண்மணி ஒருத்தி. பூப்போட்ட கவுன் போட்டிருப்பாள். ஆண் பெண் யாராக இருந்தாலும் ‘மேன்’ என்றுதான் கூப்பிடுவாள். காலை முழுதும் எனக்கு வயர்களைக் காட்டினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஹோல்ட் த ஃபோர்ட், மேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஃபோர்ட் எனக்குத் தெரியும். பம்பாயில் எல்லோருக்கும் தெரியும். வி.டி. ஸ்டேஷனுக்கு அப்பால் பெரிய பெரிய ஆபீஸ்கள் இருக்கும் இடம். எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகமும் அங்கேதான். போர்டின் மேல் வரிசையில் இடது ஓரத் துளைக்கு மேலே ‘ஃபோர்ட்’ என்று எழுதியே ஒட்டியிருந்தது. அந்த ஆபீசுக்கென்றே போட்ட தனி லைன் அது. நான் வயரை அதில் செருகினேன்.

“ஃபோர்ட்” என்றது ஒரு பெண் குரல்.

“ஹோல்ட் ஆன் ப்ளீஸ்” என்றேன்.

“ஹோல்டிங்” என்றாள் அவள்.

வயர் நழுவிவிடுமோ என்ற பயத்தில் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். வலது கையால் மற்ற அழைப்புகளைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மதிய வெயிலில் தொழிற்சாலை முற்றம் வெளுத்துக் கிடந்தது. காதுக்குள் அந்தப் பெண்ணின் மூச்சும், அவளுக்குப் பின்னால் எங்கோ டைப் அடிக்கிற ஓசையும், அதற்கும் பின்னால் டிராம் மணியோ சைக்கிள் மணியோ ஒன்றும் கேட்டன. ரொம்ப நேரம் கழித்து, “ஸ்டில் ஹோல்டிங்” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாருக்காகத் தான் காத்திருக்கிறோம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஏசுவே, இப்ப நான் என்னத்தச் சொல்ல?” என்று வாய்க்குள் முனகினேன். வாய்க்கு முன்னாலேயே கறுப்புக் கிண்ணம் இருப்பது மறந்துபோயிற்று.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “அடடா, தமிழா! ஏம்மா, என்னத்துக்கு என்னை இத்தனை நாழி பிடிச்சு வெச்சுண்டிருக்கே?” என்றாள்.

சொன்னேன். கோவாக்காரி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கிண்ணத்தைக் கையால் பொத்திக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது, சிரிப்பு கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மட்டும் குரல் ஈரமாக இருந்தது. “அவ எங்களைப் பிடிச்சு வெச்சுக்கச் சொல்லலைடி அசடு. நான் வர வரைக்கும் இந்த இடத்தை நீ பாத்துக்கோன்னு அர்த்தம்.”

“பாத்துக்கோன்னு சொல்லுததுக்கு எதுக்கு கோட்டையெல்லாம்?”

“அதை வெள்ளைக்காரன்கிட்டதான் கேக்கணும்” என்றாள்.

அன்றிலிருந்து அவள் எனக்கு ஃபோர்ட். நான் அவளுக்குச் செம்பூர். பேர் கேட்டுக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. கேட்ட பிறகும் அந்தப் பேர்களால் கூப்பிட்டுக்கொண்டதில்லை. அவள் மாடுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா ரயில்வே ஆபீசில் இருந்தார். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் பேச்சோடு சரி. கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாளாம். எனக்கோ தமிழ் எழுத்து மணிமணியாக வரும், ஆங்கிலமோ எங்கள் போர்டைப் போல முழுக்க ஓட்டை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் உண்டு. மேனேஜர்கள் அறைக் கதவுகள் சாத்தியிருக்கும். மூடிகள் ஒன்றும் விழாது. கோவாக்காரி நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் ஃபோர்ட் என்னைக் கூப்பிடுவாள். காலையில் லைனில் காதில் விழுந்ததெல்லாம் அப்போது வெளியே வரும்.

“ஒருத்தர் சொல்லுதாரு, அவரு சொன்ன காரணம் தண்ணி பிடிக்காதுன்னு. காரணம் எதுக்குத் தண்ணி பிடிக்கணும்?”

“ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்குமோ? அந்த மாதிரி நிக்காத பேச்சு.”

“அப்ப மூணு மணிக்கு மீட்டிங் ஹெல்டுங்காங்களே, அதையும் பிடிக்கவா செய்யுதாங்க?”

“அது நடத்தறது.”

“நாக்கப் பிடின்னா?”

“வாயை மூடுன்னு. இதை யார்கிட்டேர்ந்து கேட்டே, மேனேஜரா?”

“கோவாக்காரம்மா.”

ஒரே சொல் கைபிடிக்கிறது, கூட்டம் நடத்துகிறது, வாயை அடக்குகிறது, பதவி வகிக்கிறது, மூச்சை நிறுத்துகிறது. ஒரு மதியம் அவள், ‘ஹோல்ட்’ என்றால் ‘நம்புவது’ என்றுகூட ஓர் அர்த்தம் உண்டு என்றாள். அன்று மாலை ரயிலில் குர்லா வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒருவேளை அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான் அதுவோ என்று யோசித்தேன். பற்று என்று தமிழில் சொல்கிறோமே. கையால் பற்றுவதும் பற்றுதான், மனசால் வைப்பதும் பற்றுதான். மறுநாள் அதை ஃபோர்ட்டிடம் சொன்னேன். “இன்னொரு தரம் சொல்லு” என்றாள்.

அதன் பிறகு அவளும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். கீப், கிரிப், கிளட்ச் என்று அவள் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல, தமிழில் பொருந்துகிறதை நான் தேடுவேன். இந்தக் குடம் எவ்வளவு கொள்ளும் என்பதில் ‘கொள்ளும்’. கூரையைத் தூண் தாங்குவதில் ‘தாங்கு’. இந்த டிக்கெட் நாளைக்கும் செல்லும் என்பதில் ‘செல்லும்’. “இதெல்லாம் எங்காத்துலயும் சொல்றதுதான். ஆனா ஒண்ணா அடுக்கிப் பாத்ததே இல்லை” என்பாள். அவள் குரலை வைத்து நான் ஒரு பெண்ணைச் செய்துவைத்திருந்தேன். உயரம், சிவப்பு, நீளமான கழுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், ஜன்னலுக்கு வெளியே கடல். அந்தப் பெண்ணோடு சேர்ந்து நானும் பாதி நேரம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்கு மாசம் நிறைந்திருந்தது. ஒரு நாள் விடியும்போதே வலி கண்டு, அம்மா அவளைச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலைப்பிள்ளை, இன்றைக்கே பிறக்காது, நீங்கள் வேலைக்குப் போங்கள் என்று அத்தானையும் என்னையும் அனுப்பிவிட்டாள். நாங்கள் கிளம்பியபோது சாதாரண மழைதான். குர்லாவில் வண்டி மாறும்போது கனத்தது. செம்பூரில் இறங்கும்போது குடைக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று.

பத்து மணிக்கெல்லாம் ரயில் நின்றுவிட்டது. கோவாக்காரி அன்று வரவே இல்லை. மதியத்துக்குள் தொழிற்சாலை முற்றம் குளமாகி, காலிப் பீப்பாய்கள் ஒன்றோடொன்று மெதுவாக முட்டிக்கொண்டு மிதந்தன. வெளி லைன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. வயரைச் செருகினால் கடல் சங்கைக் காதில் வைத்தது போல ஓர் இரைச்சல். கடைசியில் உயிரோடு இருந்தது ஃபோர்ட் லைன் ஒன்றுதான். அதுவும் கரகரத்தது.

“செம்பூர், கட் பண்ணிடாதே” என்றாள் ஃபோர்ட். “விட்டா மறுபடி கிடைக்குமோ என்னமோ. பிடிச்சுக்கோ.”

பிடித்துக்கொண்டேன். வீடு போக முடியாதவர்கள் போர்டு அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் போன் இருக்கிற கடையைச் சொன்னார்கள். தாராவியில் மருந்துக் கடை, மாஹிமில் இரானி ஹோட்டல், விக்ரோலியில் ரேஷன் கடைக்குப் பக்கத்து டாக்டர். நான் ஃபோர்ட்டிடம் சொல்வேன். நகரத்தின் அந்தப் பக்கத்து லைன்கள் சில இன்னும் வேலை செய்தன. அவள் கூப்பிட்டு, ‘உங்க ஆள் பத்திரமா ஃபாக்டரியில் இருக்கார், தண்ணி வடிஞ்சதும் வருவார்னு வீட்டுல சொல்லிடுங்கோ’ என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வது எனக்கு மெல்லிசாகக் கேட்கும்.

மூன்று மணி வாக்கில் அத்தான் வந்தார். முழங்கால்வரை நனைந்த கால்சட்டை. கையில் எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டே வாசலில் நின்றார்.

“ஏ பிள்ள, ஆஸ்பத்திரிக்கு எதும் கேக்க முடியுமா?”

“கேக்குதேன் அத்தான். இருங்க.”

ஃபோர்ட்டிடம் சொன்னதும் அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பேரையும் அத்தான் பேரையும் மட்டும் கேட்டுக்கொண்டு முயற்சி செய்தாள். என்கேஜ்டு. மறுபடி என்கேஜ்டு. இடையிடையே வேறு வீட்டுச் சேதி ஒன்றை அனுப்பிவிட்டு மறுபடி முயற்சி. கடைசியில் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி போர்டில் இருந்தவள் மராத்திப் பெண். எங்களைப் போல ஓர் ஆபரேட்டர்தானே. ஃபோர்ட் அவளிடம் மழை, தொழிற்சாலை, தலைப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்வது கேட்டது.

“தாம்பாங்கறா” என்றாள் என்னிடம். “இருங்கோ, ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்றேங்கறா. மராத்தியில தாம்பான்னா ஹோல்ட் ஆன்.”

தாம்பு என்றால் எங்களுக்குக் கிணற்றுக் கயிறு. அந்த இரைச்சலுக்குள் எனக்கு அந்தக் கயிறுதான் தெரிந்தது. ஒரு நுனி என் கையில், நடுவில் ஃபோர்ட்டின் கை, அந்தப் பக்கம் முகம் தெரியாத மராத்திப் பெண், அதற்கும் அப்பால் ஈரத் தரையுள்ள ஏதோ ஒரு வார்டில் நடந்துபோகிற ஒருவன். கயிற்றின் அடியில் என் அக்கா.

“என்ன பண்றே?” என்றாள் ஃபோர்ட்.

“பீப்பாயப் பாத்துட்டு இருக்கேன். மிதக்குது. நீங்க?”

“கீழே ஒருத்தர் ரெண்டு ஷூவையும் தலை மேல வெச்சுண்டு நடக்கறார். ஒரு டபுள் டெக்கர் பஸ் கப்பல் மாதிரி நிக்கறது. மாடியில ஒருத்தன் மட்டும் உக்காந்து வேர்க்கடலை திங்கறான்.”

எனக்கும் அவன் தெரிந்தான். ஜன்னலில் கன்னம் வைத்து, மழையைப் பார்த்து, கடலையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றான். மழை அவள் பக்கத்திலும் பெய்தது, என் பக்கத்திலும் பெய்தது. எது எந்த மழை என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் கண் சொருகியது. தூக்கமில்லை. உடம்பு செம்பூரில் இருக்க, மற்றதெல்லாம் எங்கெங்கோ போய் வந்துகொண்டிருந்தது. அத்தான் வாசற்படியில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு தூரத்தில் மராத்திக் குரல் ஒன்று கேட்டது. ஃபோர்ட் ஏதோ கேட்டாள். பிறகு அவள் மூச்சை இழுத்தாள்.

“செம்பூர்! பொண்ணு. மத்தியானமே பொறந்துடுத்தாம். அம்மா, குழந்தை ரெண்டு பேரும் சௌக்யம். உங்கம்மா பக்கத்துலயே இருக்காளாம்.”

நான் அத்தானிடம் திரும்பினேன். கையை மட்டும் தூக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் கறுப்பாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, “எடை எம்புட்டுன்னு கேளு” என்றார்.

கேட்பதற்குள் லைன் போய்விட்டது. சங்கின் இரைச்சல்கூட இல்லை, வெறும் மரம். அப்படியும் நான் வயரை எடுக்கவில்லை. அத்தான் எழுந்து போய் லேத்காரர்களிடம் சொல்ல, அங்கிருந்து ஒரு பெரிய கூச்சல் கிளம்பி, மழையை மீறி முற்றத்தில் கேட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து சயான் வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் அக்கா அத்தானின் கறுப்பு முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை. குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று ஃபோர்ட் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். மாடுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடைகளுக்குப் பக்கத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. உயரமாக, சிவப்பாக, நீளக் கழுத்தோடு எவளாவது வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது எனக்குப் பின்னால், “மொழம் இத்தனைதானா? கையை நன்னா நீட்டி அளப்பா” என்று அந்தக் குரல் கேட்டது. திரும்பினேன். குள்ளமாக, மாநிறமாக, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். ஒரு நிமிஷம் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த அந்த நீளக் கழுத்துக்காரி எங்கே போனாள் என்று தேடியது மனசு.

“ஃபோர்ட்?” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ குண்டா இருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.

நேருக்கு நேர் நின்றபோது மழையைப் பற்றியும் பூ விலையைப் பற்றியும்தான் பேசினோம். ரயில் பாலத்தின் மேல் ஏறி நடந்தோம். அவள் முன்னால் போனபோதுதான், முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தபோதுதான், பழைய ஃபோர்ட் திரும்பி வந்தாள். “பொறந்ததுலேர்ந்து மாடுங்காவுலதான் இருக்கேன். இத்தனை கிட்டக்க இருந்தும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை” என்றாள். தாராவிக்குள் நுழைந்ததும் தோல் கொட்டகை நாற்றம் எதிரே வந்தது. புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனவள், என்னைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டாள்.

“இந்த வாசனையைப் பத்தி நீ சொன்னதே இல்லையே.”

“போன்ல வாசம் வராதுல்லா” என்றேன். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா பாயை உதறி விரித்தாள். “வாங்கம்மா, அன்னைக்கு எம்மவளுக்கு சேதி சொன்னது நீங்கதானா” என்று அவள் கையைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. அக்கா குழந்தையை நீட்டி, “இந்தாங்க, பிள்ளைய வாங்குங்க” என்றாள்.

ஃபோர்ட் திகைத்துவிட்டாள். “வாங்கறதா?”

“எங்க ஊர்ல பிள்ளையைக் கையில எடுத்துக்கிடுததுக்கு அப்படித்தான் சொல்லுவோம்” என்றேன். “அதுவும் ஹோல்ட்தான்.”

அவள் அதுவரை பச்சைக் குழந்தையைத் தூக்கியதே இல்லையாம். இரண்டு கையையும் தட்டுப்போல விறைப்பாக நீட்டினாள். அக்கா அவள் முழங்கையை மடக்கி, “கழுத்தத் தாங்கிக்கிடுங்க. ஆமா, அப்படித்தான்” என்று வைத்தாள். ஃபோர்ட் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணாடியில் குழந்தையின் கை சின்னதாக ஆடியது. அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று டம்ளரோடு என் முகத்தைப் பார்த்தாள். ஃபோர்ட் அதைக் கவனிக்கவில்லை. “காப்பி வாசனை வர்றதே, எனக்கு இல்லையா?” என்றாள், தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகு அவள் பல தடவை வந்தாள். குழந்தை அவள் கண்ணாடியைப் பிடுங்கும் வயசு வந்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குக் கல்கத்தாவில் உத்தியோகம். கடைசி நாள் போர்டில் அவள் என்னைக் கூப்பிட்டு “ஹோல்ட் ஆன் ப்ளீஸ்” என்றாள்; “ஹோல்டிங்” என்றேன் நான். மறுநாள் அந்தத் துளையில் வேறொரு குரல் வந்து “ஃபோர்ட்” என்றபோது, வயரை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

கல்கத்தா மெயில் சாயங்காலம் சயான் வழியாகத்தான் போகும். அங்கே நிற்காது. அவள் கிளம்பிய அன்று நானும் அக்காவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் போய் நின்றோம். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து கை காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். சாய்ந்த வெயில் தண்டவாளத்தில் மஞ்சளாக ஓடியது. வண்டி வந்தது. அத்தனை வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கை. யார் யாரோ, யார் யாருக்கோ ஆட்டிக்கொண்டு போனார்கள். வளையல் போட்ட கைகள், மருதாணிக் கைகள், ஒரு கிழவரின் கை, பிஸ்கட் வைத்திருந்த ஒரு பிள்ளையின் கை. நான் எல்லாவற்றுக்கும் கை ஆட்டினேன். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பி, புழுதி மெதுவாகக் கீழே இறங்கியது.

“எட்டி, பாத்தியா?” என்றாள் அக்கா.

“பாத்தேன்” என்றேன். எந்தக் கை என்று அவள் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தக் குழந்தை எந்த ரயில் போனாலும் கை ஆட்டிக்கொண்டிருந்தது.